ஐந்தில் ஒரு பங்கு கடல்

நிலாவெளிக் கடலைக் கமராவில் பிடிப்பது சுலபம். அதை டிவிடியில் அடைப்பதுதான் வில்லங்கம். திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றர் வாக்கில் உள்ள இந்தக் கரை, கலியாணச் சோடிகளைக் கூட்டிவந்து படமெடுப்பதற்கென்றே செய்துவைத்தது போன்றது. கிழக்குப் பார்த்த கரை, ஆகையால் காலைச் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். மணல் வெள்ளை. தண்ணீர் கரையோரம் இளம்பச்சை, தள்ளிப் போகப் போக நீலம், அதற்கப்பால் புறாமலைத் தீவு. கமராவின் சின்னத் திரையில் எல்லாம் அச்சொட்டாக இருக்கும். எடிற்றிங் செய்யும் கணினியிலும் அப்படியே இருக்கும். சில கிழமைகள் கழித்து டிவிடி கைக்கு வந்து வீட்டு ரிவியில் ஓடும்போதுதான் அலை உடைகிற இடம் சதுரம் சதுரமாகச் சிதறும். கூறைச் சேலையின் சரிகைக் கரை நடுங்கும். கடலின் நிறத்தில் பாசி பிடித்ததுபோல் ஒரு மாற்றம் தெரியும். விலைகூடிய கமராவில் எடுத்த படம் ஏன் இப்படி வருகிறது என்று வீட்டார் கேட்பார்கள். கமராவில் பிழை இல்லை. கமராவுக்கும் தட்டுக்கும் இடையில் பெருந்தொகையான தகவல் எறியப்படுகிறது. எதை, எந்த ஒழுங்கில், எவ்வளவு கவனமாக எறிகிறோம் என்பதில்தான் டிவிடியின் தரம் நிற்கிறது.

எவ்வளவு எறிகிறோம் என்று முதலில் கணக்குப் பார்க்கலாம். முழு எச்டி படம் ஒன்று அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி, பெருக்கினால் 2,073,600. நம் நாட்டு டிவிடி 720 புள்ளி அகலம், 576 வரி உயரம், பெருக்கினால் 414,720. வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் சரியாக ஐந்து வரும். ஐந்து புள்ளிகளில் நான்கு போய்விடுகின்றன, எந்த மென்பொருளாலும் அதைத் தடுக்க முடியாது. அந்த 576 வரிக் கணக்கு பழைய குழாய் ரிவிக் காலத்துச் சொத்து. 1982இல் ரூபவாஹினி வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது இலங்கை எடுத்துக்கொண்ட ‘பால்’ முறையின் வரி எண்ணிக்கை அது. டிவிடி 1996இன் கடைசியில் யப்பானில் விற்பனைக்கு வந்தபோதும் உலகம் முழுவதும் குழாய் ரிவிதான். எச்டி என்பது அப்போது மிகச் சிலருக்கே எட்டிய சரக்கு.

புள்ளிகளைக் குறைத்தும் வேலை முடிவதில்லை. ஒரு விநாடிக்கு 25 படம், புள்ளி ஒன்றுக்குச் சராசரியாக 12 பிட் என்று வைத்தால் விநாடிக்கு 124 மெகாபிட் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ 112 கிகாபைட். சாதாரண டிவிடி கொள்வது 4.7 கிகாபைட். ஆக, ஐந்தில் ஒன்றாகக் குறைத்த படத்தை இன்னும் இருபத்துநான்கில் ஒன்றாகப் பிழிய வேண்டும். இந்த இரண்டாவது எறிதலை எம்பெக்-2 என்கிற முறை செய்கிறது. படம் கெட்டுப்போனால் எல்லாரும் திட்டுவதும் இதைத்தான். ஆனால் என் அபிப்பிராயத்தில், கெட்டுப்போன கலியாண டிவிடிகளில் பெரும்பாலானவை இரண்டாவது எறிதலில் கெட்டவை அல்ல. முதலாவதிலேயே, அதாவது படத்தைச் சிறிதாக்கும்போதே, கெட்டுவிட்டவை.

ஏன் என்று பார்க்க, கரைவலையை எடுத்துக்கொள்வோம். மீனவர் வரிசையாக நின்று வலையை இழுக்கிற காட்சி இந்தக் கரையில் எடுக்கும் வீடியோக்களில் தவறாமல் இருக்கும். வலைக்கண் ஒவ்வொன்றும் எச்டியில் இரண்டு புள்ளி அகலம்தான் இருக்கும் என்று வையுங்கள். டிவிடி அளவில் அதற்கு ஒரு முழுப் புள்ளிகூடக் கிடைப்பதில்லை. அவசரக்கார மென்பொருள் சில புள்ளிகளை எடுத்துச் சிலவற்றை விட்டுவிடும். அப்போது வலையில் இல்லாத பெரிய அலைக்கோலங்கள் திரையில் தோன்றி, கமரா அசைய அசைய நெளியும். சரிகைக் கரை நடுங்குவதும், கோயில் கோபுரத்துச் சிற்ப அடுக்குகள் மினுங்குவதும் இதே கோளாறுதான். சரியான முறையில், ஒவ்வொரு புதிய புள்ளியையும் அதைச் சூழ்ந்த பல பழைய புள்ளிகளின் நிறையிட்ட சராசரியாகக் கணிக்க வேண்டும். லாங்சோஸ், பைகியூபிக் என்ற பெயர்களில் மென்பொருள்களில் இருக்கும் தெரிவுகள் இதற்குத்தான். புதிய அளவு தாங்காத நுணுக்கத்தை முன்கூட்டியே மென்மையாக வடித்துவிட்டுப் பிறகு சிறிதாக்குகின்றன. தாங்காததை நாமாக எறியாவிட்டால் அது வேறு உருவத்தில் திரும்பி வரும்.

கமராவே இந்தப் பிழையைச் செய்வதும் உண்டு. 2008இல் வந்த கெனன் 5டி மார்க் 2 கலியாண வீடியோவின் முகத்தையே மாற்றிய கமரா. பின்புலம் கரைந்து முகம் மட்டும் தெளிவாக நிற்கும் சினிமாத் தோற்றம் அதனால்தான் ஊர்க் கலியாணங்களுக்கும் வந்தது. ஆனால் அது வீடியோ எடுக்கும்போது சென்சரின் வரிகள் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை, இடையிடையே தாண்டும். வலையும் சரிகையும் கமராவுக்குள்ளேயே அலைக்கோலமாகிவிடும், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொரு சங்கடம், முதலில் அது விநாடிக்கு 30 படம் மட்டுமே எடுத்தது. 25 படம் எடுக்கும் வசதியை 2010இல்தான் கெனன் மென்பொருள் புதுப்பிப்பாகக் கொடுத்தது. முப்பதை இருபத்தைந்தாக்க ஆறு படத்துக்கு ஒன்றைக் கழற்றுவார்கள். மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கமரா திரும்பும்போது படம் விக்கி விக்கி நகர்கிறதா? அநேகமாகக் காரணம் அதுவே. இன்றைக்குக் கைபேசியில் 30இல் எடுத்ததையும் கமராவில் 25இல் எடுத்ததையும் ஒரே வீடியோவில் கலக்கிறவர்களுக்கும் இந்த விக்கல் உண்டு.

இனி இன்ரர்லேஸ். சொல்ல அலுப்பான விடயம், ஆனால் பழைய கசெற் எச்டி கமராக்களில் எடுத்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளை டிவிடிக்கு மாற்றும்போது அதிகம் சொதப்புகிற இடம் இது. அந்தக் கமராக்கள் விநாடிக்கு 25 முழுப் படம் எடுப்பதில்லை, 50 அரைப்படம் எடுக்கும். முதல் அரைப்படத்தில் ஒற்றை வரிகள். ஐம்பதில் ஒரு பங்கு விநாடி கழித்து வரும் அடுத்ததில் இரட்டை வரிகள். இரண்டையும் கோத்தால் 1080 வரி. அசையாத மாலைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஓடுகிற பிள்ளைக்கு ஆகும். ஒற்றை வரியில் பிள்ளை ஓரிடத்தில், இரட்டை வரியில் சற்றுத் தள்ளி. இந்தக் கோர்வையை ஒரே படம் என்று நினைத்து 576 வரிக்கு நசித்தால், இரண்டு பிள்ளைகளும் ஒன்றோடொன்று கலந்து ஆவிபோல ஒரு நிழல் மிஞ்சும். எடிற்றிங் மென்பொருளில் ‘டிவிடிக்கு ஏற்றுமதி’ என்ற ஒற்றைப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பது சில வேளை இதுதான்.

கைதேர்ந்தவர்கள் சுற்றுவழியில் போவார்கள். 50 அரைப்படங்களிலிருந்து, அசைவைக் கணித்து, விடுபட்ட வரிகளை நிரப்பி, 50 முழுப் படங்களை உண்டாக்குவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே 576 வரிக்குக் குறைப்பார்கள். பிறகு முதற்படத்திலிருந்து ஒற்றை வரிகளையும் அடுத்த படத்திலிருந்து இரட்டை வரிகளையும் எடுத்து மறுபடி கோப்பார்கள். அவிசின்த் என்ற இலவச மென்பொருளும் அதற்குள் ஓடும் கியூடிஜிஎம்சி என்ற நிரலும் இதற்குப் பேர்போனவை. நேரம் எடுக்கும். பழைய கணினி என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு இரவு முழுவதும் ஓடவிட வேண்டியிருக்கும். ஆனால் விளைவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ஒற்றைப் பொத்தானுக்குத் திரும்பிப் போகமாட்டார்கள். விநாடிக்கு 25 முழுப் படமாக எடுக்கும் இன்றைய கமராக்களில் இந்தத் தலையிடியே இல்லை. அப்படி எடுத்ததை வீணாக இன்ரர்லேஸ் ஆக்காமல் முழுப் படமாகவே என்கோட் செய்தால், அதாவது எம்பெக்-2 ஆகச் சுருக்கினால், போதும்.

அரைப்படங்களின் முன்பின் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. எச்டியில் மேல்வரி அரைப்படம் முதலில் வரும். பழைய ‘பால்’ மினிடிவி கசெற்றில் கீழ்வரி முதலில் வரும். டிவிடி இரண்டையும் ஏற்கும், ஆனால் எது முதலில் என்று சரியாகச் சொல்ல வேண்டும். பழைய திட்டத்தின் அமைப்பைத் திறந்து அதற்குள் எச்டியைப் போட்டால் வரிசை புரண்டுவிடும். அப்போது நடனமாடுகிற பெண்ணின் கை முன்னுக்கு ஓர் அடி, பின்னுக்கு அரை அடி என்று துடிக்கும். கணினித் திரை இந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆகையால் முதற்கொப்பியை ரிவியில், அதுவும் வேகமான அசைவுள்ள ஓர் இடத்தில், பார்ப்பது கட்டாயம்.

சிறிதாக்குவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இரவு மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் கமரா கூட்டிக்கொடுத்த புள்ளி இரைச்சல் எச்டி படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும். ஐந்து புள்ளிகளைச் சராசரியாக்கி ஒன்றாக்கினால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல் ஐந்தின் வர்க்கமூலத்தால், அதாவது இரண்டேகால் மடங்கு அளவில் குறையும். எச்டியில் எடுத்துக் கவனமாகச் சிறிதாக்கிய டிவிடி, அந்தக் காலத்தில் நேரடியாக 576 வரியில் எடுத்த டிவிடியைவிட நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஐந்தில் நான்கு பங்கு வீணாகப் போகவில்லை, மிஞ்சிய புள்ளியைத் துப்புரவாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

கடலில் பிடித்த பாசிக்கு வருவோம். ரிவி படங்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அப்படியே பதியப்படுவதில்லை. வெளிச்சம் ஒன்றாகவும் நிற வேறுபாடுகள் இரண்டாகவும் மாற்றிப் பதிவார்கள். அந்த வெளிச்சத்தில் எந்த நிறத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்குப் பழைய ரிவிக்கு ஒரு சூத்திரம், எச்டிக்கு வேறொன்று. பழையதில் பச்சையின் பங்கு 0.587, எச்டியில் 0.7152. சிவப்பு 0.299இலிருந்து 0.2126ஆக இறங்குகிறது. சிறிதாக்கும்போது ஒரு சூத்திரத்திலிருந்து மற்றதற்கு மாற்ற மறந்தால், டிவிடி பிளேயர் எச்டி எண்களைப் பழைய சூத்திரத்தால் விரிக்கும். அப்போது பச்சை தூக்கலாகும், சிவப்பு பத்தில் ஒரு பங்களவு மங்கும். இளம்பச்சைக் கடல் இன்னும் பச்சையாகும், அரக்குக் கூறை சற்றுக் கறுக்கும். பெரிய மாற்றம் அல்ல, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் சேலையைக் கடையில் ஏறி இறங்கித் தெரிந்தெடுத்த தாய்மாருக்கு உடனே பிடிபட்டுவிடும்.

இப்போது எம்பெக்-2. இதன் அடிக்கல்லை நட்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அவர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் இந்த ஆய்வுக்குப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை மதிப்பிட்டவர்களில் ஒருவர் விடயம் மிக எளிமையானது என்று எண்ணியதாக அகமதே பின்னாளில் எழுதியிருக்கிறார். ரி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 சனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்கள்தான். தனிநிலைக் கோசைன் மாற்றம் என்ற அந்தக் கணக்கு இல்லாமல் இன்று ஜேபெக் படமும் இல்லை, டிவிடியும் இல்லை.

கணக்கின் சாரம் இதுதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டு. ஒரு டிவிடிப் படத்தில் இப்படி 6,480 சதுரம் வரும். ஒவ்வொரு சதுரத்தின் 64 புள்ளிகளையும் 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாக எழுது. முதற்கோலம் வெறும் சமதளம், அடுத்தடுத்தவை மெல்ல மெல்ல நுணுக்கமான கோடுகள். வானத்துக்கு முதல் ஓரிரண்டு கோலங்களே போதும், மற்றவற்றின் எண் ஏறத்தாழப் பூச்சியம். பூச்சியத்தைப் பதிவதற்குச் செலவில்லை. நுணுக்கமான கோலங்களின் எண்ணைப் பரும்படியாக வெட்டிவிட்டாலும் கண் பெரிதாக முறையிடாது. அளவுக்கு மீறி வெட்டினால் மட்டும், அடுத்தடுத்த சதுரங்களின் விளிம்புகள் பொருந்தாமல் தளங்கள் பதித்த நிலம்போல் தெரியும். அலை உடைகிற இடத்தில் தெரிந்த சதுரங்கள் இவைதான்.

அலையில் ஏன்? எம்பெக்-2 பிட்களை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அடுத்தடுத்த படங்களின் ஒற்றுமையால். பன்னிரண்டு படத்துக்கு ஒன்றை முழுசாகப் பதிந்துவிட்டு, மற்றவற்றில் ‘இந்தத் துண்டு போன படத்தில் அந்த இடத்தில் இருந்தது, இத்தனை புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதும். வள்ளம் ஒன்று கடலில் போனால் இந்த முறை அற்புதமாக வேலை செய்யும். வள்ளம் உருவம் மாறாமல் நகருகிறது. அலையோ நகருவதில்லை, உடைகிறது. இந்த நொடியில் இருக்கும் நுரை போன நொடியில் இல்லை, அடுத்த நொடியிலும் இராது. காலை வெயிலில் தண்ணீர் மினுங்குவதும் அப்படித்தான், ஒவ்வொரு படத்திலும் மினுக்கம் வேறு வேறு இடத்தில். ஒப்பிட ஒன்றும் கிடைக்காத என்கோடர் எல்லாவற்றையும் புதிதாகப் பதியப் பார்க்கும், பிட் காணாமல் கண்டபடி வெட்டும். கடலும் மழையும் எம்பெக்கின் எதிரிகள்.

கடலுக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல் பார்க்க மூழ்குகிறவர்களின் கையில் இப்போது சின்னக் கமராக்கள் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் மேற்பரப்பின் அலை ஒளியை வலைபோல் மடக்கிப் பவளத்தின் மேல் ஆடவிடும், மீன்கூட்டத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் திரும்பும், மிதக்கும் துகள்கள் எங்கும். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுவதால் எடிற்றிங்கில் சிவப்பைக் கூட்டுவார்கள், அதோடு இரைச்சலும் கூடும். இதே திருகோணமலைக் கடலில்தான் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956இல் மூழ்கிக் கோணேசர் கோயிலின் பழைய தூண்களைக் கண்டார்கள். வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ 1962இல் சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தது, கடலடிக் காட்சிகளோடு. பிலிமுக்கு பிட் கணக்கில்லை. ஒவ்வொரு படச்சட்டமும் தனி, போன சட்டத்தோடு ஒப்பிட வேண்டிய தேவையில்லை. வில்சனுக்கு வேறு தலையிடிகள் இருந்திருக்கும், இது இருந்திராது.

கலியாண மண்டபத்துக்குள்ளும் கடல்கள் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும், படக்காரரின் பிளாஷ் அடிக்கும். ஒரே ஒரு படம் வெள்ளையாகி அடுத்தது பழையபடி ஆகும். என்கோடருக்கு அது இரண்டு முழுக் காட்சி மாற்றம். மணவறைக்குப் பின்னால் ஓடுகிற மின்விளக்குத் தோரணமும் அப்படியே. இவற்றைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கக்கூடியது ஒன்றுண்டு: காட்சிக்குக் காட்சி கரைந்து மாறும் ‘டிசோல்வ்’. நம்மூர் எடிற்றர்களுக்கு அதில் தீராத ஆசை. இரண்டு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல மங்கி மெல்ல எழும்போது, துண்டு நகர்ந்தது என்று மட்டுமே எழுதத் தெரிந்த எம்பெக்-2ஆல் ‘இருபது வீதம் மங்கியது’ என்று எழுத முடியாது. பின்னால் வந்த எச்.264இல் அந்த வசதி சேர்ந்தது, டிவிடிக்கு அது உதவாது. ஆகையால் ஒவ்வொரு டிசோல்வும் பிட்டைக் குடிக்கும். வெட்டி ஒட்டினால் செலவு ஒரு படத்தோடு முடிகிறது. ரசனைக்காகவும் வெட்டுத்தான் நல்லது என்பது என் கட்சி, ஆனால் அது வேறு சண்டை.

எவ்வளவு பிட் இருக்கிறது என்று பார்த்தால் இந்தக் கஞ்சத்தனம் விளங்கும். 4.7 கிகாபைட்டை இரண்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் விநாடிக்கு 5.2 மெகாபிட். மூன்று மணி நேரம் என்றால் மூன்றரைக்கு இறங்கிவிடும். ஒன்றரை மணி என்றால் கிட்டத்தட்ட ஏழு. ஒலி, படம் எல்லாம் சேர்த்து டிவிடி அனுமதிக்கும் உச்சம் 10.08, படத்துக்கு மட்டும் 9.8. ஆனால் வீட்டில் எழுதிய தட்டில் அந்த உச்சத்தைத் தொடுவது புத்தியல்ல. மலிவுப் பிளேயர்கள் தடுமாறி நிற்கும். எட்டோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

படத்தைக் கசக்குவதற்கு முதல் ஒலியைப் பாருங்கள். பல எடிற்றிங் மென்பொருள்கள் கேட்காமலே ஒலியைச் சுருக்காத நிலையில் போட்டுவிடும். அதற்கு விநாடிக்கு 1.5 மெகாபிட், அதாவது இரண்டு மணி நேரத் தட்டில் ஏறத்தாழ முப்பது வீதம். டொல்பி டிஜிற்றலில் 256 கிலோபிட் கொடுத்தால், மண்டப ஒலிபெருக்கிக்கு நடுவே மைக்கில் பிடித்த நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அது தாராளம். மிஞ்சும் ஒன்றேகால் மெகாபிட்டும் படத்துக்கு. எந்த விலைகூடிய என்கோடரும் இவ்வளவு பெரிய இலாபத்தை ஒரே சொடுக்கில் தராது.

பிறகு பங்கீடு. நிலையான வீதத்தில் என்கோட் செய்வது கூப்பன் கடைபோல: ஆளுக்கு இவ்வளவு, பசித்தவனுக்கும் அதே, பசியில்லாதவனுக்கும் அதே. மாறும் வீதத்தில், இரண்டு தடவை ஓடவிட்டால், என்கோடர் முதற்சுற்றில் வீடியோ முழுவதையும் பார்த்து எந்த இடம் கடினம், எந்த இடம் இலகு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் ஐயர் அசையாமல் இருந்து மந்திரம் சொல்லும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை அலைக்கும் அட்சதைக்கும் கொடுக்கும். விநாடிக்குச் சராசரி 4.7 மெகாபிட், உச்சம் 8, அடி 2 என்று வைத்தால் இரண்டு மணி நேரத் தட்டுக்கு ஒத்துவரும். ஒரு மணி நேர வீடியோ என்றால் இந்தச் சூட்சுமம் தேவையே இல்லை, நிலையாக எட்டு கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். எச்சிஎன்க் என்ற இலவச என்கோடர் இந்த வேலையில் காசு கொடுத்து வாங்கும் பலவற்றுக்குச் சளைக்காதது. எடிற்றிங் மென்பொருளிலிருந்து அதற்குக் கொண்டுபோகும் இடைக்கோப்பு மட்டும் இழப்பில்லாத வகையாக இருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை எம்பெக் ஆக்கிப் பிறகு மறுபடி எம்பெக் ஆக்கினால் முதற்சுற்றின் சதுரங்களையே இரண்டாம் சுற்று நுணுக்கம் என்று நினைத்துப் பத்திரப்படுத்தும்.

சூரியன் எழும்பும் காட்சிக்கு ஒரு தனிக் குறிப்பு. செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் வானம் டிவிடியில் படி படியாகப் பிளந்து தெரியும். சதுரத்தின் சமதளக் கோலத்தை எத்தனை பிட் நுட்பத்தில் பதிவது என்று என்கோடரில் ஓர் அமைப்பு உண்டு, எட்டு முதல் பத்து வரை. பத்தில் வைத்தால் படிகள் ஓரளவு தணியும். வானத்தை இன்னும் கூர்மையாக்குகிறேன் என்று ஷார்ப்பன் போடுவதும், முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிய வேண்டும் என்று அதைக் கூட்டுவதும் பிட்டை வீணாக்கும் வேலை. இன்றைய தட்டை ரிவி 576 வரியைப் பெரிதாக்கிக் காட்டும்போது அந்தச் செயற்கை விளிம்புகளையும் சேர்த்தே பெரிதாக்கும்.

ஊரில் எடுத்த டிவிடியில் பாதி ஊரில் பார்ப்பதற்கல்ல. இலண்டன், பாரிஸ், சூரிச் என்றால் பிரச்சினை இல்லை, அங்கும் 25 படம், 576 வரி. ரொறன்ரோ என்றால் சிக்கல். கனடாவில் டிவிடிக்கு என்.ரி.எஸ்.சி. முறை: விநாடிக்கு 29.97 படம், 480 வரி. நம் பக்கத்துப் பிளேயர்கள் இரண்டையும் வாசிக்கும், வட அமெரிக்கப் பிளேயர்களில் பல நமது தட்டை வாசிக்க மறுக்கும். பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிய கலியாணம் ஓடாமல் போனால் தட்டு பழுதென்று நினைப்பார்கள். கனடாவுக்கென்று தனியாக ஒரு கொப்பி தேவை. அதை முடிந்துபோன ‘பால்’ டிவிடியிலிருந்து மாற்றக்கூடாது, எச்டி மூலத்திலிருந்தே 480 வரிக்குக் குறைக்க வேண்டும்.

தட்டு எழுதுவதில் இரண்டே விடயம். 16 மடங்கு வேகம் என்று அச்சிட்ட தட்டானாலும் எட்டில் எழுதுங்கள். மணமக்களின் படத்தை ஒட்டித்தாளில் அச்சடித்துத் தட்டின் மேல் ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். தாள் ஒரு பக்கம் சற்று விலகினாலும் சுழலும்போது தட்டு ஆடும். நம் வெக்கையில் பசை இளகித் தாள் சுருளும். டிவிடியின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீற்றர்தான், அந்த ஆட்டத்தோடு லேசர் அதைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. மேற்பரப்பில் நேரடியாக மை அச்சிடக்கூடிய தட்டுகள் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூட. எழுதும் தட்டு படத்தைப் பிடித்துவைப்பது ஒரு சாயப் படலத்தில், வெயில் படும் யன்னலோரம் அதற்கு ஆகாது.

வீடியோ எடுக்கக் கொடுக்கிறவர்கள் டிவிடியோடு எச்டி கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எறிந்த நான்கு பங்கை டிவிடியிலிருந்து திரும்பப் பெற வழியில்லை. விநாடிக்கு 25 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 11 கிகாபைட் சொச்சம், ஒரு 32 கிகாபைட் பென் ட்ரைவில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஸ்ரூடியோக்காரர் கமரா அட்டையை அடுத்த கலியாணத்துக்கு அழித்து எழுதுவதற்கு முன்னம் கேட்க வேண்டும்.